உரக்கச் சொல்லுங்கள், ஆசிரியரே!

கல்வியாண்டு முடியும் ஒவ்வொரு கோடையிலும் நம் பள்ளிகளில் பணி நிறைவு விழாக்கள் நடக்கின்றன. மாலை, சால்வை, நினைவுப் பரிசு, மதியம் பிரியாணி. மேடையேறும் எல்லோரும் 'அர்ப்பணிப்பு' என்கிறார்கள். பிறகு ஓய்வுபெறும் ஆசிரியை காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார். அவரோடு சேர்ந்து என்னவெல்லாம் போகிறது என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? லகரமும் ளகரமும் பிரித்துச் சொல்ல வராத குழந்தைக்கு நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று காட்ட அவர் கண்டுபிடித்த வழி போகிறது. கடன் வாங்கிக் கழிக்கும்போது நடுவில் சுழியம் வந்தால் திணறிப்போகும் பிள்ளையை அவர் கரையேற்றிய உத்தி போகிறது. படிப்பை நிறுத்திவிட்டு மகளைப் பனியன் கம்பெனிக்கு அனுப்ப இருந்த தகப்பனிடம் அவர் பேசிய பேச்சு போகிறது. எதுவும் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. ஜூன் மாதம் அதே நாற்காலியில் வந்து உட்காரும் இளம் ஆசிரியர் எல்லாவற்றையும் 'அ'விலிருந்து தொடங்குகிறார்.

எனக்கு இதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. முப்பது ஆண்டு அறிவு ஒரே மாலையில் ஊரைவிட்டுப் போவதை நாம் கைதட்டி வழியனுப்புகிறோம்! யாரும் தடுக்கவில்லை, யாரும் பறிக்கவில்லை. நாமே வாய்மூடி இருந்து இழக்கிறோம். அதுவும் எப்போது? ஒவ்வொரு ஆசிரியரின் கையிலும் உலகத்தோடு பேசும் கருவி ஒன்று இருக்கும் காலத்தில்!

அந்தக் கருவியில் நீங்கள் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு போடுகிறீர்கள். சுற்றறிக்கை பார்க்கிறீர்கள். காலை வணக்கம் அனுப்புகிறீர்கள். சமைப்பது, கோலம் போடுவது, கோயில் உலா எல்லாம் பார்க்கிறீர்கள். உங்கள் தொழிலைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி எழுதியதில்லை. ஏன்?

காரணங்கள் எனக்கு மனப்பாடம். "நான் யாருங்க ஊருக்குச் சொல்ல?" "போட்டா ஸ்டாஃப் ரூம்ல கிண்டல் பண்ணுவாங்க." "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது." "தற்பெருமைன்னு நினைப்பாங்க."

கடைசியில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நல்ல ஆசிரியர்களைக் கட்டிப்போடுவது அதுதான். 'நான் தலைசிறந்த ஆசிரியர்' என்று எழுதினால் அது தற்பெருமை. 'இந்தக் கணக்கை இப்படி நடத்தினேன், பாதிப் பேருக்குப் புரிந்தது, மீதிப் பேருக்குப் புரியவில்லை, ஏன் என்று யோசிக்கிறேன்' என்று எழுதினால் அது தொழில். மருத்துவர்கள் தாங்கள் பார்த்த அரிய நோயைப் பற்றி ஆய்விதழில் எழுதுகிறார்கள். அதைப் படித்து இன்னோர் ஊரில் இன்னொரு மருத்துவர் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார். ஒரு வழக்கறிஞர் வாங்கிய தீர்ப்பை முன்வைத்து இன்னொருவர் வாதாடுகிறார். அவர்களை யாரும் தம்பட்டம் அடிப்பதாகச் சொல்வதில்லை. ஆசிரியர் மட்டும் தன் தொழிலைப் பற்றி வாய் திறந்தால் அது விளம்பரமா? அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் ஒரு குழந்தைக்குப் பயன்படக்கூடியதை உள்ளேயே பூட்டிவைப்பதற்கு அடக்கம் என்று பெயர் சூட்டாதீர்கள்!

கிண்டல் வரும். வரட்டும். உங்கள் பதிவைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் நான்கு பேர் சிரிக்கும் அதே நேரத்தில், முகம் தெரியாத ஓர் ஊரில் ஓராசிரியர் பள்ளியில் தனியாக ஐந்து வகுப்பையும் சமாளிக்கும் ஒருவர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார். யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

வெளியூர் ஆட்களோடு தொடர்பு வைத்துத் தொழிலை வளர்ப்பது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு, கும்பகோணத்தில் வேலை பார்த்த ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கிருந்த அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது உ.வே. சாமிநாதையர் 25 வயதை எட்டும் தறுவாயில் இருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கோவை, உலா, புராணம் என்று அன்றைக்குப் புலவர்கள் படிக்கவேண்டியதையெல்லாம் படித்து முடித்தவர். அதே ஆண்டு அக்டோபரில், முன்சீப் நீதிபதியாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் நீண்ட பட்டியலைச் சொல்கிறார். அவர் அசைந்து கொடுக்கவில்லை. பழைய நூல்கள் எதுவும் படிக்கவில்லையா, சீவக சிந்தாமணி தெரியுமா என்கிறார். இவருக்குத் தெரியாது.

அந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்போம்? கல்லூரி ஆசிரியனிடம் ஒரு முன்சீப் பாடத்தில் குறை சொல்வதா என்று ரோஷப்பட்டு ஒதுங்கியிருப்போம். சாமிநாதையர் மறுபடியும் போனார். சிந்தாமணியின் பிரதியை வாங்கி வந்தார். படித்தார், புரியவில்லை. சைவ மடத்தில் வளர்ந்தவருக்குச் சமணக் காப்பியத்தின் உலகம் பிடிபடவில்லை. அதற்காக நூலை மூடிவைக்கவில்லை. அதே ஊரில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். கல்லூரியில் பாடம் சொல்கிற ஆசிரியர், ஊரில் இருக்கும் குடும்பங்களிடம் மாணவராக உட்கார்ந்தார். ஏட்டுப் பிரதி இருக்கிறதா என்று கேட்டு ஊர் ஊராகக் கடிதம் போட்டார். மடங்களுக்கு, வித்துவான்களுக்கு, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோனின் கடிதம் கும்பகோணத்துக்கு வந்துசேர்ந்தது. அந்த ஆசிரியருக்கு வந்த கடிதங்கள் இன்றும் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் ஆயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து அவற்றின் முதல் தொகுதி நூலாகவும் வந்திருக்கிறது.

தபால் போய்ச் சேர நாட்கணக்காகும் காலம். பதில் வருமா என்று தெரியாது. முகம் தெரியாது. ஆனாலும் ஓர் ஆசிரியர் எழுதினார், கேட்டார், நன்றி சொன்னார், மறுபடியும் கேட்டார். நமக்குச் சங்க இலக்கியம் திரும்பக் கிடைத்ததில் அந்தக் கேள்விகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் கைபேசியில் ஒரு கேள்வி போய்ச் சேர ஒரு நொடிகூட ஆகாது. கேட்க உங்களை எது தடுக்கிறது?

"எங்களுக்குத்தான் வாட்ஸ்அப் குழு இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, பள்ளிக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. அவற்றில் இருப்பவர்கள் யார்? நீங்கள் ஏற்கெனவே அறிந்தவர்கள். உங்களுக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கு வந்த சுற்றறிக்கையே அவர்களுக்கும் வந்திருக்கும். புதிய காற்று வேறு சன்னல் வழியாகத்தான் வரவேண்டும். 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வெளியிட்ட ஒரு கட்டுரை, மனிதத் தொடர்புகளைப் பற்றிப் பேசும் எல்லோரும் இன்றுவரை எடுத்துக்காட்டும் கட்டுரை. பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில், தெரிந்தவர் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்ன அந்த மனிதரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம் என்றவர்கள் 27.8 விழுக்காடு. உயிர் நண்பர்களைவிட, முகம் மட்டும் பழகியவர்கள் வழியாகத்தான் வாய்ப்பு வந்திருக்கிறது! 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரை ஐந்தாண்டுகள் வைத்து நடத்திய ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. மிக நெருங்கியவரும் இல்லாமல், முற்றிலும் அந்நியரும் இல்லாமல், நடுவில் இருக்கும் பழக்கமே வேலை மாற அதிகம் உதவியது என்று அதுவும் கண்டது.

வேலைக்குச் சொன்னது யோசனைக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான நம்பிக்கை. உங்கள் வகுப்பின் முடிச்சை அவிழ்க்கும் ஆள் உங்கள் ஸ்டாஃப் ரூமில் இருந்திருந்தால் இதற்குள் அவிழ்த்திருப்பார். அவர் வேறெங்கோ இருக்கிறார். கூடலூரில் இருக்கலாம், மட்டக்களப்பில் இருக்கலாம், சிங்கப்பூரில் தமிழ் கற்பிப்பவராக இருக்கலாம்.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்று ஒரு சிற்றூர். 2009இல் அங்கே ஜில்லா பரிஷத் தொடக்கப் பள்ளிக்கு வேலைக்குப் போன ரஞ்சித்சிங் டிசலே கண்டது, மாட்டுக் கொட்டகைக்கும் சாமான் அறைக்கும் நடுவே சிதிலமாகிக் கிடந்த ஒரு கட்டடத்தை. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம். பாடப் புத்தகமோ அவர்கள் மொழியில் இல்லை. இவர் கன்னடம் கற்றுக்கொண்டார். பாடங்களை அவர்கள் மொழிக்கு மாற்றினார். புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு ஒட்டி, அதன் வழியே பாடலும் காணொளியும் கதையும் கிடைக்கும்படி செய்தார். ஒரு கிராமத்துப் பள்ளியின் நான்கு சுவருக்குள் அது முடிந்திருக்கலாம். அவர் அதை வெளியே எடுத்துச் சொன்னார். 2017இல் மகாராஷ்டிர அரசு எல்லா வகுப்புப் பாடநூல்களுக்கும் க்யூ.ஆர். கோடு என்று அறிவித்தது. இணையம் வழியே பிற நாட்டு ஆசிரியர்களோடு கைகோத்து, இந்தியா, பாகிஸ்தான் போலப் பகைமை கொண்ட நாடுகளின் மாணவர்களை ஒருவரோடொருவர் பேசவைத்தார். 2020 டிசம்பரில் உலக ஆசிரியர் பரிசு, 10 லட்சம் டாலர், அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதில் பாதியை உடன் இறுதிச்சுற்றுக்கு வந்த ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுப்பதாக அந்த இடத்திலேயே சொன்னார். அந்தப் பகிர்வில் எனக்கு ஆச்சரியமில்லை. கண்டுபிடித்ததையெல்லாம் பகிர்ந்தே பழகியவர் பரிசை மட்டும் எப்படிப் பூட்டிவைப்பார்?

அவர் வேலை பார்த்தது தலைநகரத்துக் கான்வென்டில் இல்லை. உங்கள் பள்ளியைப் போன்ற பள்ளியில்தான்!

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஓர் இடத்தில். இது என் முதல் வேண்டுகோள். ஆர்வம் வந்த அன்றே ஐந்து தளங்களில் கணக்குத் திறந்து, பத்து நாளில் ஐந்தையும் கைவிடுகிறவர்கள் ஏராளம். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர் என்றால் பேஸ்புக் போதும். தமிழில் எழுதும் ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள், பாட வாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. பயிற்சித்தாள், வினாத்தாள் என்று கோப்புகள் பகிர டெலிகிராம் வசதியானது. செய்துகாட்டும் பாடம் உங்கள் பலம் என்றால் யூடியூப். தனியார் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்து, பயிற்றுநராகவோ பாடத்திட்டம் எழுதுபவராகவோ வளர நினைத்தால் லிங்க்ட்இன் உங்களுக்கான இடம். கௌரவ விரிவுரையாளர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் நான் அழுத்திச் சொல்வது ஆர்க்கிட் எண். 2012 முதல் இலவசமாகத் தரப்படும் 16 இலக்க அடையாளம் அது. நம் பெயர்களில் இனிஷியல் முன்னே வரும், பின்னே வரும், அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஒரே ஆளின் கட்டுரைகள் நான்கு பெயரில் சிதறிக் கிடக்கும். உழைத்து எழுதியதெல்லாம் உங்கள் பெயரிலேயே சேரவேண்டாமா? இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, அறிமுகக் குறிப்பு. எம்.ஏ., எம்.எட்., எம்.பில். என்று பட்டங்களை அடுக்குவதோடு நின்றுவிடாதீர்கள். என்ன பாடம், எந்த வகுப்பு, இப்போது எதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். 'ஏழாம் வகுப்பு அறிவியல். ஆய்வகம் இல்லாமல் சோதனை செய்துகாட்ட வழி தேடுகிறேன்' என்ற ஒரு வரி, மூன்று பட்டங்கள் செய்யாததைச் செய்யும். அதே தேடலில் இருக்கும் இன்னொருவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வருவார்.

பிறகு உடனே மேடையேறாதீர்கள். சில வாரம் படியுங்கள். நல்லதாக எழுதுகிற ஆசிரியர் பத்துப் பேரைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் சொன்னதை உங்கள் வகுப்பில் செய்துபாருங்கள். செய்துவிட்டு அவர்கள் பதிவின் கீழே போய், 'அருமை சார்', 'சூப்பர் மேடம்' என்று போடாமல், 'நீங்கள் சொன்னபடி செய்தேன், என் வகுப்பில் கடைசிப் படி மட்டும் சரியாக வரவில்லை, உங்களுக்கு எப்படி?' என்று எழுதுங்கள். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இரண்டு முறை இப்படி எழுதினால் அவர் உங்கள் பெயரை மறக்கமாட்டார். வணக்கம் சொல்லி நண்பர் விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் வராத உறவு, ஒரு நேர்மையான கேள்வியால் வந்துவிடும்.

கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள்! வகுப்பில் 'சந்தேகம் இருந்தால் கேளுங்க' என்று வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். நாம் கேட்கவேண்டிய முறை வந்தால் கௌரவம் போய்விடும் என்று பயப்படுகிறோம். தெரியாததைக் கேட்கும் ஆசிரியர்தான் தெரிந்ததைத் தயங்காமல் சொல்லும் ஆசிரியராகவும் ஆவார்.

இங்கிலீஷ் பயத்துக்கு ஒரே பதில்: தமிழில் எழுதுங்கள். உங்கள் மாணவர்களின் தவறுகள் தமிழில் நிகழ்கின்றன, உங்கள் விளக்கமும் தமிழில்தான் பிறந்தது. அதைத் தமிழில் எழுதினால்தான் அதன் கூர்மை குறையாது. இணையத்தில் தமிழ் எழுத்துருவுக்கே ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருந்த 1998இல், பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, நேரில் பார்த்திராத தமிழர்கள் பல நாடுகளில் உட்கார்ந்து திருக்குறள் முதல் இலக்கியம் இலக்கியமாகத் தட்டச்சு செய்து, மின்னஞ்சலில் அனுப்பி, ஒருவர் பிழையை ஒருவர் திருத்தி, இலவசமாக உலகத்துக்குக் கொடுத்தார்கள். தமிழாசிரியர்கள் இன்று நொடியில் தேடி எடுக்கும் பாடல்களுக்குப் பின்னால் அந்த முகம் தெரியாத உறவுகள் இருக்கின்றன. அன்றைக்கு அவ்வளவு முடிந்ததென்றால், பேசினாலே தமிழில் எழுதித் தரும் கைபேசியை வைத்துக்கொண்டு நமக்கு என்ன குறை?

இங்கே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். குழந்தைகளின் முகம் உங்கள் சொத்து இல்லை. திக்கித் திணறி வாசிக்கும் பிள்ளையைப் படமெடுத்து, 'என் முயற்சியால் இப்போது வாசிக்கிறான்' என்று போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை நாளைக்கு இருபது வயது இளைஞனாகி அதைப் பார்ப்பான் என்ற நினைப்பு வேண்டாமா? 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்யவேண்டிய காரியமும் இல்லை இது. கரும்பலகையைப் படமெடுங்கள், நோட்டில் இருக்கும் விடையைப் பெயரை மறைத்து எடுங்கள், நீங்கள் செய்த அட்டையை, மாதிரியை எடுங்கள். குழந்தையின் பெயர், ஊர், சாதி, குடும்பக் கஷ்டம் எதுவும் உங்கள் பதிவில் வரக்கூடாது. உங்களிடம் இப்போது படிக்கும் மாணவர்களைச் சொந்தக் கணக்கில் நண்பர்களாகச் சேர்க்கவும் வேண்டாம்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையே சாக்காக்கி ஊமையாகிவிடாதீர்கள். பின்னத்தை எப்படி நடத்தினேன் என்று சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

ஆசிரியைகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இன்பாக்சில் வரும் அசிங்கங்களுக்குப் பயந்து எத்தனையோ திறமைசாலிகள் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அந்தப் பயம் நியாயமானது. வெட்கப்படவேண்டியவர் நீங்கள் இல்லை, அனுப்புகிறவர். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எண் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக்கூடும். டெலிகிராமில் எண்ணை மறைத்துவைக்க முடியும். பேஸ்புக்கில் யார் செய்தி அனுப்பலாம் என்பதை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். சொந்தப் படம் போடவேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. ஒரே ஒரு தவறான வார்த்தை வந்தாலும் பிளாக் செய்யுங்கள், விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு கயவனுக்காக உங்கள் அறிவு ஊமையாகக் கூடாது!

முதல் பதிவு போட்டதும் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மூன்று லைக் வரும், அதில் ஒன்று உங்கள் தங்கையினுடையது. அங்கேதான் பலரும் உடைந்துபோகிறார்கள். உடையாதீர்கள். 2006இல் ஜேக்கப் நீல்சன் என்ற இணைய ஆய்வாளர், இணையக் குழுக்களில் பெரும்பாலும் 100க்கு 90 பேர் வெறுமனே படிப்பவர்கள், 9 பேர் எப்போதாவது எழுதுபவர்கள், ஒருவர் மட்டுமே தொடர்ந்து எழுதுபவர் என்று எழுதினார். விருப்பம் போடாமல், கருத்துச் சொல்லாமல், படித்துவிட்டுப் போய் வகுப்பில் செய்துபார்க்கும் அந்தத் தொண்ணூறு பேர்தான் உங்கள் உண்மையான வாசகர்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். என்றைக்காவது ஒருநாள் குறுவள மையக் கூட்டத்தில் அறிமுகமில்லாத ஒருவர் அருகில் வந்து, "நீங்க அந்த வாய்பாட்டு விளையாட்டு போட்டீங்கல்ல, எங்க பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு" என்பார். அதற்குப் பிறகு உங்களை யாரும் நிறுத்த முடியாது.

எழுதுகிறவர்கள் சேர்ந்தால் எதுவரை போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2009இல் டாம் விட்பி, ஷெல்லி டெரல், ஸ்டீவன் ஆண்டர்சன் என்ற மூன்று ஆசிரியர்கள், வாரத்தில் ஒருநாள் ட்விட்டரில் ஒரே குறிச்சொல்லின் கீழ் கற்பித்தலைப் பற்றிப் பேசுவோம் என்று தொடங்கினார்கள். எட்சாட் என்ற அந்த உரையாடல் உலகெங்கும் ஆசிரியர்களைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் 'எட்கேம்ப்' என்று ஒரு கூடுகை நடந்தது. தலைமை உரை கிடையாது, முன்கூட்டித் தீர்மானித்த நிகழ்ச்சி நிரல் கிடையாது. வந்த ஆசிரியர்களே காலையில் பலகையில் தலைப்புகளை எழுதி அன்றைய நிரலை அமைத்தார்கள். மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமல், ஆசிரியர்கள் தங்கள் விடுமுறை நாளைக் கொடுத்துத் தாங்களே நடத்தினார்கள். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் ஒன்றியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துக் கணித ஆசிரியர்கள் ஒரு பள்ளி மரத்தடியில் கூட யார் அனுமதி வேண்டும்? வாரத்தில் ஒருநாள், இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை, ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேசும் குழுவை நீங்கள் ஏன் தொடங்கக் கூடாது? வணக்கம், வாழ்த்து, அரசியல் எதற்கும் இடமில்லாத குழு. தொடங்குங்கள். நான்கு பேர் போதும்.

நேரம் இல்லை என்பது மட்டும் நான் மதிக்கும் காரணம். பதிவேடுகளும் பயிற்சிகளும் கணக்கெடுப்புகளும் உங்களைத் தின்கின்றன. அதனால்தான் வாரத்துக்கு ஒரே ஒரு பதிவு என்கிறேன். பாடக் குறிப்பு எழுதிவிட்டு எழும்போது ஐந்து வரி. என்ன சிக்கல், என்ன செய்தேன், என்ன நடந்தது, எங்கே இன்னும் இடிக்கிறது, உங்களிடம் என்ன கேட்கிறேன். அந்த இடிக்கிற வரியை விட்டுவிடாதீர்கள். அதைப் படித்துத்தான் மற்றவர்கள் உங்களை நம்பி வாய்திறப்பார்கள்.

எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காக நானே ஒன்று எழுதித் தருகிறேன், நான்காம் வகுப்பு நடத்துகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்:

'என் வகுப்பில் பல பிள்ளைகள் 1/2ஐவிட 1/4 பெரியது என்கிறார்கள். இரண்டைவிட நான்கு பெரியதுதானே என்பது அவர்கள் நியாயம். பழைய செய்தித்தாளை ஒரே நீளமுள்ள நாடாக்களாக வெட்டிக் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை நான்காகவும் மடித்து, ஒரு பங்கை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அரையும் காலும் விளங்கிவிட்டது. ஆனால் 2/3, 3/4 என்று வந்ததும் மறுபடி குழம்புகிறார்கள், மூன்றாக மடிப்பதே அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் வகுப்பில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?'

எழுதி முடிக்க ஐந்து நிமிடம். நாளைக்கு உங்கள் வகுப்பில் நடப்பதைக் கொண்டு இதேபோல் ஒன்று எழுதுங்கள். மடித்த நாடாக்களை மேசையில் வரிசையாக வைத்து ஒரு படம் எடுங்கள். கீழே உங்கள் பெயரை, பாடத்தை, வகுப்பை முழுதாகப் போடுங்கள். போட்டுவிட்டு, மறுநாள் மாலை வந்து, பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள்.